மஞ்சள் பாப்பாவும் தமோராவின் ரகசியமும்

“ஒதுங்குங்க! ஒதுங்குங்க! கொப்பரை வருது!”

சிவியோ போட்ட கூச்சலில், சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்த பூனை ஒரே தாவலில் கூரைக்குப் போய்விட்டது.

அது சின்னக் கொப்பரை இல்லை. உள்ளே மூன்று பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்காரலாம். சமர்கந்தில் யூதர் தெருவில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் அதில்தான் புலாவ் வேகும். ஜெபக்கூடத்தின் பின்னால் கிடக்கும் அதைச் சக்கரம் போல நிமிர்த்தி, விசேஷ வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டு போவது பிள்ளைகள் வேலை.

பின்னால் ஐந்து பேர் தள்ளினார்கள். முன்னால் ஓடி வழி கேட்பது பத்து வயது சிவியோ. அந்த வேலைக்கு அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது. சிவியோ பேச ஆரம்பித்தால் ரேடியோ கூட வெட்கப்பட்டு நின்றுவிடும் என்று அவள் அண்ணன் நிசிம் சொல்லுவான்.

தெரு சரிவான தெரு. பாதி வழியில் கொப்பரை தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது.

“புடிங்கடா! புடிங்க!”

“நாங்க எங்க புடிக்கறது? அதுதான் எங்களை இழுத்துட்டுப் போகுது!”

ரொட்டிக் கூடையோடு எதிரே வந்த ஹெவ்சி அத்தை, கூடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பக்கத்து வாசலுக்குள் குதித்தார். கொப்பரை ‘டமார்’ என்று ரஃபோயேல் மாமா வீட்டுச் சுவரில் மோதியது. அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றிக் குப்புறக் கவிழ்ந்தது.

“வந்துருச்சு!” என்று சிவியோ கை தட்டினாள்.

“கொப்பரை வந்துருச்சு. என் உயிரு இன்னும் வரல!” என்று ஹெவ்சி அத்தை மூச்சு வாங்கினார்.

ரஃபோயேல் மாமா அந்தத் தெருவில் சலூன் வைத்திருப்பவர். அவருடைய ஒரே மகள் தமோரா, சிவியோவின் உயிர்த்தோழி. பத்து வருடம் கழித்து இப்போது அந்த வீட்டில் ஒரு தம்பிப் பாப்பா பிறந்திருந்தான். நாளைக்கு எட்டாம் நாள். எட்டாம் நாளில்தான் ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்து பெயர் வைப்பார்கள். அதுவரை அந்தப் பெயரைப் பற்றி அப்பாவும் அம்மாவும் மூச்சு விடக் கூடாது.

பெயர் தெரியாவிட்டால் சிவியோவுக்குத் தூக்கமா வரும்? இதுவரை நாற்பத்தோரு பெயர்களை ஊகித்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு தமோராவைத் தேடி ஓடினாள்.

முற்றத்தில் ஒரே அமளி. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மஞ்சள் கேரட்டை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். புலாவுக்கு அரை மூட்டை கேரட். பாதி நறுக்கி மலை போலக் குவித்தாகிவிட்டது. ஒருத்தி பாட, இன்னொருத்தி தட்டில் தாளம் போட்டாள்.

தமோரா அங்கே இல்லை. விறகுக் குவியலுக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏய் தமோரா! இங்க என்னடி பண்ற? கொப்பரை வந்துருச்சு! நீ பாத்திருக்கணும், ஹெவ்சி அத்தை எப்படிக் குதிச்சாங்க தெரியுமா? வெட்டுக்கிளி மாதிரி! சரி, நாற்பத்திரண்டாவது பேரு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன், சொல்லட்டுமா?”

தமோரா தலையை நிமிர்த்தினாள். அவளுடைய கண்கள் வீங்கியிருந்தன.

“அழுதியா? ஏன் அழுத?”

தமோரா வாயைத் திறப்பதற்குள் விறகு எடுக்க வந்த ஹெவ்சி அத்தை எட்டிப் பார்த்தார். “வேற என்ன? பொறாமைதான்! இத்தனை வருஷமா ஒத்தைப் பிள்ளையா ராணி மாதிரி இருந்தா. இப்ப ராஜா வந்துட்டான்ல!” என்று சொல்லித் தமோராவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். கேரட் நறுக்கிய பெண்களும் சிரித்தார்கள்.

தமோராவின் முகம் இன்னும் சுருங்கிப்போனது.

தோழியை எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று சிவியோ இறங்கினாள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஜெபக்கூடத்தின் மதகுரு ரப்பி பின்ஹாஸ் போல நடந்து காட்டினாள். மடியிலிருந்த அல்வாவை எடுத்து நீட்டினாள். “தம்பி வந்தா நல்லதுதான்டி! கடைக்கு அனுப்பலாம். பாத்திரத்தை உடைச்சுட்டு அவன் மேல பழி போடலாம். நிசிம் அண்ணா என் மேல எத்தனை தடவை போட்டிருக்கான் தெரியுமா? ஒரு தடவை என்னாச்சுன்னா...”

தமோரா சட்டென்று எழுந்தாள்.

“நீயும் அவங்க மாதிரியே பேசிட்டே இருக்க” என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அல்வா சிவியோவின் கையிலேயே இருந்தது. அதைச் சாப்பிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று பிற்பகல் ரப்பி பின்ஹாஸ் குழந்தையைப் பார்க்க வந்தார். சடங்கைச் செய்யப்போகிறவர் அவர்தான். குழந்தையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். அதன் குட்டி மூக்கின் நுனியை விரலால் லேசாக அழுத்தி எடுத்தார். பார்த்தார். மறுபடியும் அழுத்தினார். தாடியைத் தடவினார்.

வெளியே வந்து, “பையன் மஞ்சளா இருக்கான். காமாலை. மஞ்சள் இறங்குற வரைக்கும் கத்தி வைக்க மாட்டேன். நாளைக்குச் சடங்கு கிடையாது” என்றார்.

பாட்டு நின்றது. தட்டின் தாளம் நின்றது.

“அப்ப என்னைக்கு ரப்பி?” என்று ரஃபோயேல் மாமா கேட்டார்.

“அது எனக்கு எப்படித் தெரியும்? பையனைத்தான் கேக்கணும். தினமும் காலைல வந்து பாக்கறேன்.”

“ஐயோ, கேரட்டு!” என்று ஒரு பெண் கத்தினாள்.

அன்று சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரு பாத்திரம் நறுக்கிய கேரட் போனது. கேரட் சூப், கேரட் பொரியல், கேரட் அப்பம். சிவியோவின் அப்பா தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுச் சாப்பிட்டார்.

ஆனால் ரஃபோயேல் மாமா வீட்டில் எல்லாரும் மெதுவான குரலில் பேசத் தொடங்கிவிட்டார்கள். டாக்டர் வந்துபோனார். பிள்ளைகள் யாராவது கேட்டால், “ஒண்ணுமில்ல, போய் விளையாடு” என்று விரட்டினார்கள். பெரியவர்கள் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். கண்பட்டுவிடுமாம், யாரும் பேசக் கூடாதாம்.

மறுநாள் காலையில் சிவியோ காலைப் பிரார்த்தனையைச் சொன்னாள். கண்ணை வலது கையால் பொத்திக்கொண்டு சொல்ல வேண்டிய பிரார்த்தனை அது. சிவியோ கண்ணைப் பொத்தியபடி ரயில் மாதிரி தடதடவென்று சொல்லி முடித்தாள். நிசிம் ரொட்டியைக் கடித்துக்கொண்டே சிரித்தான்.

“எதுக்குச் சிரிக்கிற?”

“இல்ல, அந்தப் பிரார்த்தனையோட முதல் வார்த்தை என்ன?”

“அது கூடத் தெரியாதா? ‘கேள்’.”

“ஆமா. ‘கேள்’. நீ அதையே யாரையும் கேக்க விடாமச் சொல்ற. எனக்குச் சிரிப்பு வராதா?”

வேறு நாளாக இருந்தால் சிவியோ அவனுடன் அரை மணி நேரம் சண்டை போட்டிருப்பாள். அன்று அவள் பேசாமல் இருந்தாள். நிசிமே பயந்துபோய், “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டான்.

சிவியோ யோசித்துக்கொண்டிருந்தாள். நேற்று தமோராவிடம் “ஏன் அழுத?” என்று கேட்டது ஞாபகம் வந்தது. அதற்குத் தமோரா என்ன பதில் சொன்னாள்? ஒன்றுமே சொல்லவில்லை. சொல்ல எங்கே இடம் இருந்தது? ஹெவ்சி அத்தை பேசினார். அப்புறம் இவள் பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள்.

பாதி ரொட்டியை வைத்துவிட்டு எழுந்து ஓடினாள்.

தமோரா வீட்டில் இல்லை. விறகுக்குப் பின்னாலும் இல்லை. ரஃபோயேல் மாமாவின் சலூன் கதவு ஒருச்சாய்த்துக் கிடந்தது. சிவியோ எட்டிப் பார்த்தாள். பெரிய சுழல் நாற்காலி கண்ணாடிக்கு முதுகு காட்டித் திரும்பியிருந்தது. அதில் இரண்டு கால்கள் தரையைத் தொடாமல் தொங்கின.

சிவியோ உள்ளே போனாள். நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கதவிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் அவள் நாக்கில் ஏழு விஷயங்கள் வந்துவிட்டன. கோடிவீட்டு ஆடு மீதமிருந்த கேரட் மூட்டையை மோப்பம் பிடித்தபடி நிற்கிறது. அப்பா நேற்று கேரட் அப்பத்தைப் பார்த்து விட்ட பெருமூச்சு. நாற்பத்து மூன்றாவது பெயர். எல்லாவற்றையும் விழுங்கினாள்.

“எதுக்கு வந்த?” என்று தமோரா கேட்டாள்.

“சும்மா. உன்கூட உக்காரலாம்னு.”

“பேசறதுக்கா?”

“இல்ல.”

தமோரா நம்பவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள். சிவியோ உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்றது. வெளியே ஒரு வண்டி கடகடவென்று போனது. பேசாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று சிவியோவுக்கு அதுவரை தெரியாது. மூக்கு அரித்தது. காது அரித்தது. நாக்குதான் எல்லாவற்றையும் விட அதிகமாக அரித்தது.

வெகுநேரம் கழித்துத் தமோரா, “அந்தக் கேரட்டைப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்கு” என்றாள்.

‘கேரட்டுக்கு யாராவது பயப்படுவாங்களா?’ என்று கேட்க வாய் திறந்தது. சிவியோ கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ம்” என்று மட்டும் சொன்னாள்.

“அதே மஞ்சள்.”

“ம்.”

“நான் பொறாமைப்படல சிவியோ. எல்லாரும் அதையே சொல்றாங்க. யாரும் என்னைக் கேக்கல.”

சிவியோ வாயிலிருந்த கையை எடுத்தாள். “நான் கேக்கறேன். சொல்லுடி.”

தமோரா தன் விரல் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். அம்மாவின் வயிறு பெரிதானபோது, முதலில் சந்தோஷமாகத்தான் இருந்ததாம். அப்புறம் அம்மாவுக்கு அடிக்கடி முடியாமல் போனதாம். தலை பின்னிவிட ஆள் இல்லை. ராத்திரி கதை சொல்ல ஆள் இல்லை. அப்பா அவளுக்குச் சடை பின்னிவிட்டாராம், ஆனால் அது குதிரைவால் மாதிரி இருந்ததாம். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சிரித்தார்களாம்.

சிவியோவுக்கும் அந்தச் சடை ஞாபகம் இருந்தது. முதலில் சிரித்தவளே அவள்தான். முகம் சுட்டது.

“அன்னைக்கு வீட்டுக்கு வந்து...” தமோராவின் குரல் உடைந்தது. “வீட்டுக்கு வந்து நான் சொல்லிட்டேன்.”

சிவியோ காத்திருந்தாள்.

“என்ன சொன்னேன்னு கேளேன்!”

“என்ன சொன்ன?”

“இந்தப் பாப்பா வேண்டாம்னு சொன்னேன். வரவே வேண்டாம்னு. சத்தமா, தனியா, செவத்தைப் பாத்து. அது கடவுள் காதுல விழுந்துருச்சு. இப்ப பாரு, பாப்பா மஞ்சளாயிட்டே போறான். சடங்கு நின்னுபோச்சு. ஹெவ்சி அத்தை நேத்து அடுப்படியில ‘என்ன ஆகுமோ, பாவம்’னு யார்கிட்டயோ சொல்றாங்க. அப்பாவைக் கேட்டா ‘ஒண்ணுமில்ல, போய் விளையாடு’ங்கறாரு. ஒண்ணுமில்லன்னா ஏன் எல்லாரும் கிசுகிசுன்னு பேசறாங்க? அவன் செத்துப்போயிட்டா? நான்தானே பண்ணேன்?”

தமோரா அழுதாள். சத்தம் போட்டு, மூக்கை உறிஞ்சி, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

‘அப்படியெல்லாம் ஆகாது!’ என்று சிவியோவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அவளுக்குக் காமாலையைப் பற்றி என்ன தெரியும்? டாக்டரா அவள்? தெரியாததைச் சொன்னால் அதுவும் ‘ஒண்ணுமில்ல, போய் விளையாடு’ மாதிரிதானே?

அவள் எழுந்து, அலமாரியிலிருந்து சலவை செய்த வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தமோரா அதில் மூக்கைச் சிந்தினாள். ரஃபோயேல் மாமா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

“இன்னும் இருக்கா? சொல்லு.”

இன்னும் இருந்தது. தமோரா எல்லாவற்றையும் சொன்னாள். தம்பியின் விரல் எவ்வளவு சின்னது என்று சொன்னாள். பிறந்த மூன்றாம் நாள் அவன் தும்மியபோது அவனே பயந்துவிட்டான் என்று சொன்னாள். மஞ்சளைப் பார்த்ததிலிருந்து தொட்டிலுக்குப் பக்கத்திலேயே தான் போகவில்லை, தொட்டால் இன்னும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம் என்றும் சொன்னாள்.

கடைசியில் சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போனது. தமோரா நீளமாக மூச்சு விட்டாள்.

“தமோரா, இதை வேற யார்கிட்டயாவது சொல்லணும்னு உனக்குத் தோணுதா?”

“அம்மாகிட்ட. ஆனா அம்மா என்னை வெறுத்துட்டா?”

“நானும் கூட வரேன். உன் பக்கத்துலயே நிப்பேன். பேச மாட்டேன்.”

“நீயா? பேசாம நிப்பியா?”

“இப்ப நிக்கலையா?”

தமோரா கடிகாரத்தைப் பார்த்தாள். உண்மைதான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் விக்கலும் வந்தது.

இருவரும் கையைக் கோத்துக்கொண்டு ஓடினார்கள். அம்மாவின் அறை வாசலில் முக்காலி போட்டு, கோட்டைக் காவல்காரர் மாதிரி ஹெவ்சி அத்தை உட்கார்ந்திருந்தார்.

“உள்ள விட மாட்டேன். நாற்பது நாளைக்குப் பச்சை உடம்புக்காரி அறைக்குள்ள கண்டவங்க நுழையக் கூடாது. போங்க, போங்க, விளையாடுங்க.”

“நான் கண்டவங்களா? நான் மகள்!” என்றாள் தமோரா.

“மகளா இருந்தாலும் அப்புறம் வா. அம்மா இப்பதான் கண்ணசந்தா.”

தமோராவின் கை சிவியோவின் கையிலிருந்து நழுவப் பார்த்தது. இப்போது திரும்பிப் போனால் மறுபடியும் தைரியம் வராது என்று சிவியோவுக்குத் தெரிந்தது. பேச மாட்டேன் என்று சொன்னது அறைக்குள்ளேதானே? இது வாசல்!

“அத்தை, மிச்ச கேரட் மூட்டையை யார் பாத்துக்கறாங்க?”

“ஏன்?”

“இல்ல, காலைல கோடிவீட்டு ஆடு அதுக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்துச்சு. மூட்டை வாயைக் கட்டியிருக்கான்னு எனக்குத் தெரியல. ஆட்டுக்குக் கேரட்னா ரொம்ப இஷ்டமாம். ஒரு ஆடு ஒரு மூட்டையை எவ்வளவு நேரத்துல...”

ஹெவ்சி அத்தை எழுந்து ஓடினார். ஒரு நிமிடத்தில் முற்றத்திலிருந்து அவர் குரல் கேட்டது: “அடியே, நாசமாப் போற ஆடே! தலையை வெளிய எடு!”

ஆடு நிஜமாகவே அங்கேதான் இருந்தது.

அறைக்குள் தமோராவின் அம்மா பஹோர் தூங்கவில்லை. இவ்வளவு சத்தத்தில் யார் தூங்க முடியும்? தொட்டிலை ஒரு கையால் ஆட்டிக்கொண்டு படுத்திருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா கண்ணு! ரெண்டு நாளா எங்க போன? உன்னைக் கூப்பிடச் சொல்லிட்டே இருக்கேன்.”

தமோரா கதவோரமே நின்றாள். சிவியோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சொன்னது போலவே பேசாமல் நின்றாள். தமோரா முதலில் தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அம்மாவின் மடியில் இருந்தாள்.

அம்மா அவளை அணைத்துக்கொண்டார். மகளின் தலையை வருடிக்கொண்டே இருந்தார்.

“உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? யார்கிட்டயும் சொல்லாதே. சிவியோ, உன்னைத்தான் முக்கியமாச் சொல்றேன்.”

சிவியோ வேகமாகத் தலையாட்டினாள்.

“ஆறாம் மாசம் என் காலு ரெண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போச்சு. செருப்புக்குள்ள போகல. அன்னைக்கு நானும் செவத்தைப் பாத்து, ‘ஐயோ, இந்தப் பாப்பா இப்ப எதுக்கு’ன்னு கத்தினேன். உன்னை விடச் சத்தமா.”

தமோரா நிமிர்ந்து பார்த்தாள். “நெஜமாவா?”

“நெஜமாத்தான். வாயால சொன்னா மஞ்சள் வராது கண்ணு. வர்றதா இருந்தா, ஹெவ்சி பேசற பேச்சுக்கு இந்தத் தெருவே மஞ்சளாகியிருக்கும்!”

சிவியோவால் அடக்க முடியவில்லை. குபுக்கென்று சிரித்துவிட்டாள்.

“இன்னொண்ணு. நீ பொறந்தப்ப நீயும் மஞ்சள்தான். இவன் பரவால்ல. நீ பழுத்த முலாம்பழம் மாதிரி இருந்த. பன்னெண்டு நாளு! உங்கப்பா உன்னைத் தூக்கிட்டு வெயிலைத் தேடிச் சுத்தினாரு.”

“அப்ப தம்பி...?”

“டாக்டர் வந்து பாத்துட்டாங்க. நெறையப் பிள்ளைங்களுக்கு இப்படி வர்றதுதானாம். நல்லாப் பால் குடிக்கிறான், அதனால இறங்கிடும்னு சொல்றாங்க. உன்கிட்ட இதைச் சொல்லாம விட்டது எங்க தப்பு. உனக்கு விவரம் தெரியாதுன்னு நெனச்சிட்டோம்.” அம்மா தொட்டில் துணியை விலக்கினார். “இங்க வா. பக்கத்துல வந்து பாரு.”

தமோரா குனிந்தாள். பாப்பா கண்ணைத் திறக்காமலேயே வாயைக் கோணி ஒரு கொட்டாவி விட்டான். அந்தக் கொட்டாவி அவன் முகத்தை விடப் பெரிதாக இருந்தது.

அன்றிலிருந்து தமோராவும் சிவியோவும் தொட்டிலுக்குக் காவல் நின்றார்கள். டாக்டர் சொன்னபடி, காலையில் ஜன்னலோரம் வெளிச்சத்தில் பாப்பாவைக் கிடத்தும்போது இருவரும் பக்கத்திலேயே இருந்தார்கள். சலூனிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டைக் கொண்டுவந்து, அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டார்கள்.

ஒன்பதாம் நாள். வாசலில் பிள்ளைகள் கூட்டம். ரப்பி பின்ஹாஸ் வந்து மூக்கை அழுத்திப் பார்த்தார். “மஞ்சள்!”

“ப்ச்!” என்றது கூட்டம்.

பத்தாம் நாள். கூட்டம் இரண்டு மடங்கு. இப்போது பெரியவர்களும் வந்துவிட்டார்கள். பழ வியாபாரி வண்டியை நிறுத்திவிட்டு வந்து நின்றார். ரப்பி அழுத்தினார். குனிந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

“நெத்தி நல்லா இருக்கு. மூக்கு இன்னும் மஞ்சள்!”

“ப்ச்! ப்ச்!”

“மூக்கு மட்டும்தானே ரப்பி? கொஞ்சம் பாத்துக்கக் கூடாதா?” என்று பழ வியாபாரி கேட்டார்.

“முலாம்பழமா விக்கறேன், பேரம் பேசறதுக்கு?” என்றார் ரப்பி.

பதினோராம் நாள் ரப்பி வருவதற்கு முன்பே தமோரா ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். வெளிச்சம் தொட்டிலில் விழுந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

“சிவியோ... எனக்கு மட்டும் அப்படித் தெரியுதா?”

“எனக்கும் தெரியுது!”

“சொல்லாதே! ரப்பி சொல்லட்டும்!”

ரப்பி வந்தார். தெருவே வாசலில் நின்றது. மூக்கு நுனியை அழுத்தினார். விரலை எடுத்தார். பாப்பா அவரைப் பார்த்து முறைத்தான்.

“ரோஜாப்பூ!” என்று ரப்பி கத்தினார். “ரோஜாப்பூ மாதிரி இருக்கான்! எதுக்கு நிக்கறீங்க? இன்னைக்கே! இன்னும் மூணு மணி நேரத்துல!”

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது! சிவியோ முற்றத்தைத் தாண்டித் தெருவுக்குப் பாய்ந்தாள். “இன்னைக்கே! இன்னைக்கே! எல்லாரும் வாங்க!” என்று அவள் போட்ட சத்தம் தெருவின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தது. சலூனில் ரஃபோயேல் மாமா ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். அந்த மனிதரும் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு பின்னாலேயே ஓடினார். நிசிம் அடுப்புக்கு விறகு கொண்டுவந்து போட்டான். கவிழ்ந்து கிடந்த கொப்பரையை நான்கு பேர் தூக்கி வைத்தார்கள். பெண்கள் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஆடு தின்றதுபோக மிச்சமிருந்த கேரட்டை எல்லாம் நறுக்கித் தள்ளினார்கள்.

ஜெபக்கூடத்திலிருந்து எலியா தீர்க்கதரிசியின் நாற்காலி வந்தது. இந்தச் சடங்குக்கு அவர் கண்ணுக்குத் தெரியாமல் வந்து உட்காருவார் என்பதால் அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. அதன்மேல் பட்டு விரித்தார்கள்.

பாப்பாவை அம்மாவின் அறையிலிருந்து கூடத்துக்குக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோவார்கள். அம்மாவிடமிருந்து முதலில் வாங்குவது பெரிய மரியாதை. ஹெவ்சி அத்தை தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினார்.

“நீங்க அடுத்து வாங்கிக்கோங்க ஹெவ்சி அக்கா” என்றார் பஹோர். “முதல்ல அவனோட அக்கா.”

தமோரா இரண்டு கைகளையும் நீட்டினாள். வெள்ளைத் துணியில் சுற்றிய தம்பியை வாங்கிக்கொண்டு பத்து அடி நடந்தாள். ஒவ்வொரு அடியையும் அளந்து வைத்து நடந்தாள். அத்தையிடம் கொடுத்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து பாப்பாவின் வீறல் கேட்டது. பின்னாலேயே ரப்பியின் குரல் கேட்டது. “இவன் பெயர் இஸ்ரவேல் மக்கள் நடுவில் ஹிஸ்கியோ!”

“ஹிஸ்கியோவா!” சிவியோ தலையில் கை வைத்துக்கொண்டாள். நாற்பத்தொன்பது பெயர் எழுதியிருந்தாள். அதில் அது இல்லை.

பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ திராட்சையும் வாதுமையும் அள்ளி வீச, பிள்ளைகள் தரையில் விழுந்து பொறுக்கினார்கள். முற்றத்தில் கொப்பரையின் மூடியைத் திறந்ததும் புலாவ் மணம் தெருவையே கட்டி இழுத்தது. ஒரு கன்னம் மட்டும் மழித்த மனிதர் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டார்.

தமோரா மூன்று தட்டு சாப்பிட்டாள். கேரட்டை ஒன்றுகூட ஒதுக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டுத் தோழிகள் இருவரும் மெல்ல அறைக்குள் நுழைந்தார்கள். இப்போது அவர்களை யாரும் தடுக்கவில்லை. ஹிஸ்கியோ அழுது முடித்துத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். தமோரா மண்டியிட்டு, தம்பியின் காதருகே குனிந்து, கிசுகிசுவென்று என்னவோ சொன்னாள். வெகுநேரம் சொன்னாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள்.

என்ன சொல்லியிருப்பாள்? சிவியோவுக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. ‘என்னடி சொன்ன?’ என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

அதை அவள் மெதுவாக விழுங்கினாள். அக்காவும் தம்பியும் பேசி முடிக்கட்டும் என்று, சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தாள்.